திரை வரைந்த மையக்குத்துக்கோடு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்த அரசு நடுநிலைப் பள்ளி. ஊர்ப் பெயரை எழுதவில்லை. நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விட்ட ஆசிரியர்களுக்கு என்னால் ஒரு சங்கடமும் வரக்கூடாது. 2025 ஜூலை மாதம். காலை உணவு முடிந்து தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரைதான். ஊரார் கல்விச் சீர் கொண்டுவந்தபோது பீரோ, நாற்காலி, குடம், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் இவற்றோடு இதையும் மேளதாளத்தோடு தூக்கி வந்திருக்கிறார்கள். உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் கொடுத்த பணமும் அதில் இருக்கிறது. மரியாதையான இடமாகப் பார்த்து, கரும்பலகையின் நட்டநடுவில் மாட்டிவிட்டார்கள். இப்போது திரைக்கு இரண்டு பக்கமும் முழ அகலத்துக்குத்தான் கரும்பலகை மிச்சம். இடது பக்கம் தேதி, வலது பக்கம் வருகை. வேறு எதையும் எழுத இடமில்லை.

இரண்டாவது பீரியடு கணக்கு. ஒரு கோட்டுத்துண்டுக்கு மையக்குத்துக்கோடு வரைவது பாடம். கோட்டின் இரண்டு முனைகளிலும் கவராயத்தை ஊன்றி, மேலேயும் கீழேயும் வில் போட்டு, வில்கள் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால், கோடு சரிபாதியாகும். புதுக்கோடு செங்குத்தாகவும் நிற்கும். கை படாமல் இதைக் கற்க முடியாது.

டீச்சர் பென்டிரைவைச் செருகினார். படம் வந்தது, சத்தம் வரவில்லை. ஒரு பையன் எழுந்துபோய்ப் பின்பக்கம் ஒயரை அசைத்தான். அந்த வகுப்பில் அது அவன் பொறுப்பாம். சத்தம் வந்ததும் வீடியோவை முதலிலிருந்து ஓட விட்டார்கள். நல்ல வீடியோதான். உச்சரிப்பு தெளிவாக இருந்தது. கவராயம் தானாக எழுந்து ஒரு முனையில் ஊன்றி நின்றது, நீல வில் விழுந்தது. அடுத்த முனைக்குப் போனது, சிவப்பு வில் விழுந்தது. இரண்டும் வெட்டிய இடத்தில் புள்ளி மின்னியது. கோடு மேலிருந்து கீழே இறங்கி, கோட்டுத்துண்டை அப்பழுக்கில்லாமல் இரண்டாகப் பிரித்தது. பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் பார்த்தார்கள்.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்.”

இன்னொரு முறை போட்டார். கடைசியில் திரையில் ஒரு கேள்வியும் நான்கு விடைகளும் வந்தன. மொத்த வகுப்பும் ஒரே குரலில் சரியான விடையைச் சொன்னது. திரையில் பட்டாசு வெடித்தது. நோட்டை எடுத்து வரையச் சொன்னபோது பீரியடு முடிய இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் இருந்தது.

என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிறுமியின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவுகோலை வைத்து 6 செ.மீ. கோடு போட்டாள், சுத்தமாக. கவராயத்தை விரித்தாள். எவ்வளவு விரிப்பது என்ற யோசனை அவளுக்கு வரவில்லை. கைக்கு வந்த அளவு, இரண்டரை செ.மீ. இருக்கும். ஒரு முனையில் வில் போட்டாள். அடுத்த முனையிலும் போட்டாள். இரண்டு வில்லும் ஒன்றையொன்று தொடவே இல்லை. நடுவில் இடைவெளி விட்டு, முதுகு காட்டிக்கொண்டு நின்றன. ரப்பரால் அழித்தாள். அதே அளவில் மறுபடியும் போட்டாள். மறுபடியும் தொடவில்லை. திரையை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே கடைசிக் காட்சி அசையாமல் நின்றுகொண்டிருந்தது: முடிந்த படம், வெட்டிய வில்கள், நிமிர்ந்த கோடு.

பிறகு அவள் செய்தது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அளவுகோலை வைத்து 3 செ.மீ. அளந்து புள்ளி வைத்தாள். மூலைமட்டத்தை அந்தப் புள்ளியில் நிறுத்திச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தாள். அப்புறம் மேலேயும் கீழேயும் பென்சிலாலேயே, கவராயம் இல்லாமல், வளைவாக இரண்டிரண்டு கோடு கிறுக்கி, வில்கள் வெட்டுகிற மாதிரி ஆக்கிவிட்டாள். திரையில் இருந்த படம் அப்படியே நோட்டில் வந்துவிட்டது. மணி அடித்தது. டீச்சர் நடந்தபடியே வரிசையாக டிக் போட்டுக்கொண்டு வந்தார். அவள் நோட்டிலும் டிக் விழுந்தது.

அந்தப் பிள்ளை ஏமாற்றுக்காரி இல்லை. அவளுக்குக் காட்டப்பட்டது ஒரு படம், அதை அவள் வரைந்து கொடுத்தாள். ‘கோட்டின் நீளத்தில் பாதிக்கு மேல் ஆரம் எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று வீடியோவின் குரலும் சொன்னது. ஆனால் பாதிக்குக் குறைந்தால் என்ன ஆகும் என்பது அந்த வீடியோவில் இல்லை. திரையில் கவராயம் வழுக்குவதில்லை. முள் குத்திய இடத்தில் தாள் கிழிவதில்லை, ஆரம் குறைவதில்லை. தப்பு நடக்க வாய்ப்பே இல்லாத இடத்தில் அந்த விதி எதற்காக இருக்கிறது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கணக்கு டீச்சரிடம் இதைச் சொன்னேன். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் கணக்கு அவர் ஒருவர்தான். முகம் வாடிப்போனது. “நான் பாக்கவே இல்லையே சார்,” என்றார். பார்க்க அவருக்கு நேரம் இல்லை. பீரியடின் பெரும்பகுதி அவர் முகமும் திரையைப் பார்த்துத்தான் இருந்தது. பிள்ளைகளுக்குப் பக்கவாட்டில் நின்றார், ரிமோட்டோடு.

அந்தச் சிறுமியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். திட்டவில்லை. “காலைல போட்ட மாதிரியே போடு பாப்போம்,” என்றார். அதே இரண்டரை செ.மீ. வில்கள் தொடவில்லை.

“ஏம்மா முட்டல?”

பதில் இல்லை. டீச்சரும் சொல்லவில்லை. காத்திருந்தார். அவருக்கு வந்த ஒரு போன்காலைக்கூட எடுக்கவில்லை. சிறுமி இடைவெளியை விரலால் தடவிப் பார்த்தாள். கவராயத்தை எடுத்துக் கொஞ்சம் விரித்தாள். இந்த முறை வில்கள் வெட்டின. அவள் சிரித்தாள். யாரும் சொல்லாமலே இன்னும் கொஞ்சம் விரித்து அதே கோட்டின் மேல் மறுபடியும் போட்டாள். புள்ளிகள் இன்னும் மேலே, இன்னும் கீழே விழுந்தன. அளவுகோலை வைத்துச் சேர்த்தாள்.

“டீச்சர், எவ்ளோ வச்சாலும் அதே கோட்டு மேலதான் வருது!”

மையக்குத்துக்கோட்டில் இருக்கும் எந்தப் புள்ளியும் இரண்டு முனைகளிலிருந்தும் சமதூரத்தில் இருக்கும் என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அதை அவளே தொட்டுவிட்டாள். கையில் ஒரு கவராயமும், அவசரப்படுத்தாத ஒரு பெரியவரும் இருந்ததால் அது நடந்தது. சோறு ஆறிப்போயிருந்தது, டீச்சருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றிப் பேசும்போது கவனச்சிதறல், கண் எரிச்சல், போன் பைத்தியம் என்றே பேச்சு போகிறது. அவையெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளையும் கவனம் சிதறி உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள், சொல் பேச்சு கேட்டார்கள், சரியான விடை சொன்னார்கள். அப்படியும் கற்கவில்லை. பிள்ளை செய்யவேண்டிய வேலையைத் திரை செய்துவிட்டது, அந்த வேலை நடக்கும்போது ஆசிரியர் பார்க்கவேண்டியதை ஆசிரியர் பார்க்கவில்லை. எனக்குப் பெரிய கவலை இதுதான், ஏனென்றால் இந்த நஷ்டம் வெளியே தெரியாது. வகுப்பு அமைதியாக இருக்கும், பார்க்க வருகிற அதிகாரிக்குத் திருப்தியாக இருக்கும்.

குஜராத்தில் கியான் ஷாலா என்ற அமைப்பு நடத்தும் பள்ளிகளில் லீ லிண்டன் என்ற பொருளாதார ஆய்வாளர் செய்த ஒரு ஆய்வு 2008இல் வெளிவந்தது. சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கான கணக்கு மென்பொருள். சில பள்ளிகளில் ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தில் ஒரு பகுதியை எடுத்து, அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார்கள். வேறு சில பள்ளிகளில் வழக்கமான வகுப்பைத் தொடாமல், பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாக அதே மென்பொருளைக் கொடுத்தார்கள். கூடுதலாகக் கிடைத்த பிள்ளைகள் முன்னேறினார்கள், அதிலும் பின்தங்கியிருந்தவர்கள் அதிகம். வகுப்பு நேரத்துக்குப் பதிலாகக் கிடைத்தவர்கள், எதுவுமே கொடுக்கப்படாத பிள்ளைகளைவிடப் பின்தங்கிப் போனார்கள். மென்பொருள் ஒன்றுதான். எதை எடுத்துவிட்டு அதை வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது டீச்சர் குறுக்கிட்டார்: “எங்களுக்கு எல்லாமே பீரியடுக்குள்ளதானே சார் வருது.”

மதியம் மூன்றாம் வகுப்பு. அங்கே திரை இல்லை. ஆசிரியையின் கையில் போன் இருந்தது. சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க மாநில அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது. அதன் பாட்டு, பொம்மை, சொல் அட்டை, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற பயிற்சி நூல் எல்லாம் எனக்கு மிகவும் பிடித்தவை. மூன்றாம் வகுப்பின் மூலையில் அந்த அட்டைகள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனால் நான் போன நேரத்தில் மதிப்பீடு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, படிக்கவைத்து, செயலியில் பதிய வேண்டும். நெட் மெதுவாக இருந்தது. போனை உயர்த்திப் பிடித்தபடி ஆசிரியை ஜன்னலோரம் நகர்ந்தார். பிள்ளையும் அட்டையோடு கூடவே நகர்ந்தது.

ஒரு சின்னப் பையன் சொல் அட்டையைப் பிடித்துக்கொண்டு படித்தான். “மலை” என்றான். அட்டையில் இருந்தது ‘மழை’. ஆசிரியை அந்த நேரத்தில் திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியென்று தொட்டார், அடுத்த பையன் வந்தான். வாசிப்பு சொல்லிக்கொடுக்கிறவரின் கண் பிள்ளையின் வாயிலும் விரலிலும் இருக்க வேண்டும். நாக்கு எங்கே போகிறது, விரல் எந்த எழுத்தில் நின்று தயங்குகிறது என்பதை வேறு யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த ஆசிரியையின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் துளியும் இல்லை. அன்று மாலைக்குள் பதிவு முடிய வேண்டும். முடியவில்லை என்றால் கேள்வி வரும். ‘ழ’ தப்பிப்போனதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

அரசு அறிவித்த கணக்கில் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 டேப். இவ்வளவு பெரிய செலவை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்காகச் செய்ய முன்வந்த மனதை நான் மதிக்கிறேன். பணக்காரப் பிள்ளைக்குக் கிடைப்பது நம் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. அந்த நியாயம்தான் உப்பளத்துக்காரர்களைத் திரை வாங்க வைத்தது. அதனால்தான் அந்தத் திரை எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்று கறாராகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

இந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரையில் படித்த அனுபவம் ஏற்கெனவே உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இவர்கள் ஒன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு முழுவதும் கல்வித் தொலைக்காட்சியிலும், யாரோ ஒருவரின் போனிலும் போனது. முதல் எட்டு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27ஆம் தேதி, இதே மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. திரை வழியாகக் கிடைக்காமல் போனதை ஈடுகட்ட மாநிலம் அனுப்பியது ஆட்களை. படித்த பெண்கள் மாலையில் தெருத் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ஊரில் அப்படித் தன்னார்வலராக இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுதவைத்த பிறகுதான் பல பிள்ளைகளுக்கு இரண்டெழுத்துச் சொல்லே வந்தது என்றார்.

அடுத்துப் போனது சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு. ஹைடெக் லேபில் ஒன்பதாம் வகுப்புக்கு வினாடி வினா நடந்துகொண்டிருந்தது. அறை சுத்தமாக இருந்தது. பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பயபக்தியோடு உள்ளே வந்தார்கள். ஒரு குழு எழுதும்போது மற்றவர்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள். எழுதுவது என்றால் நான்கில் ஒன்றைத் தொடுவது. ஒரு பையனிடம் எப்படி இந்த விடையைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டேன். “மத்த மூணும் வராதுன்னு தோணுச்சு சார்,” என்றான். கேள்வி ஒளி வளைவதைப் பற்றியது. விடை சரி. ஒளி ஏன் அப்படி வளைகிறது என்று கேட்டபோது அவனிடம் பதில் இல்லை. மாவட்டத்துக்குப் போகும் கணக்கில் அவனுக்கு அது தெரியும் என்று ஏறியிருக்கும்.

அதே பள்ளி ஆசிரியர் ஒருவர் அரசின் இலவச லேப்டாப் திட்டம் பற்றிச் சொன்னதையும் எழுத வேண்டும். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மேல்நிலை வகுப்பில் லேப்டாப் பெற்ற பிள்ளைகள் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், அதை வைத்துத்தான் விண்ணப்பம் போட்டார்கள், புரோகிராம் எழுதப் பழகினார்கள், வேலைக்குப் போனார்கள் என்றார். நம்புகிறேன். படிக்கத் தெரிந்த பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது கருவி. எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதே பெட்டி அப்படி உதவுவதில்லை. பெரு நாட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று கொடுத்த திட்டத்தை 319 தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரையே உதவாது என்றும் சொல்லவில்லை. டெல்லியில் பள்ளி முடிந்த பிறகு நடந்த மையங்களில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருள் நல்ல பலன் தந்ததைப் பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2019இல் காட்டினார்கள். பிள்ளை ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் நான்காம் வகுப்புக் கணக்குதான் வரும் என்றால் அங்கிருந்தே தொடங்கும். கணக்கைப் பிள்ளைதான் போட வேண்டும். தப்புப் போட்டால் அந்தத் தப்புக்கேற்ற அடுத்த கேள்வி வரும். அந்த மையங்களில் சிறு குழுக்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆட்களும் இருந்தார்கள். ஏழாம் வகுப்பில் நான் பார்த்த வீடியோவுக்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. இரண்டையும் ‘டிஜிட்டல் கல்வி’ என்று ஒரே தலைப்பில் எழுதி ஒரே கணக்கில் சேர்ப்பதால்தான் எது உதவுகிறது என்றே தெரியாமல் போகிறது.

அடுத்து டவுனில் ஒரு தனியார் பள்ளி. எல்லா வகுப்பிலும் தொடுதிரை, ஒன்பதாம் வகுப்பு முதல் லேப்டாப். ஏ.சி. போட்ட அறை. உயிரியல் ஆசிரியர் ஒரு ஸ்லைடுக்கு அடுத்த ஸ்லைடு என்று தள்ளிக்கொண்டே போனார். ஒருவரும் நோட்டைத் திறக்கவில்லை. “பிபிடி குரூப்ல வந்துடும் அங்கிள்,” என்றான் ஒரு பையன். கரும்பலகையில் ஆசிரியர் தன் கையால் இருதயம் வரைந்தால் அவர் எங்கே தொடங்குகிறார், எதை முதலில் வரைகிறார், எந்த இடத்தில் நிறுத்தி யோசிக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியும். அவர் வரைந்து முடிக்க ஆகும் நேரம்தான் பிள்ளைக்குப் புரிந்துகொள்ளக் கிடைக்கும் நேரம். ஸ்லைடில் இருதயம் முழுசாக வந்து விழுகிறது, மறைகிறது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அடைப்பிதழ் திறந்து மூடுவதைக் காட்டிய ஒரு சின்ன அசையும் படம் அருமையாக இருந்தது. அதைச் சுண்ணாம்புக்கட்டியால் காட்டிவிட முடியாது. அதை ஓடவிட்டு நிறுத்தி, பிள்ளைகளைப் பேசவிட்டு, வரையவிட்டிருந்தால் அந்தப் பீரியடே நிறைந்திருக்கும். அதற்குப் பிறகும் ஸ்லைடுகள் வந்துகொண்டே இருந்தன.

எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் ஒரு பையன் லேப்டாப்பில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தான். அவன் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் பாடத்தைக் கவனிக்கத்தான் முயன்றாள். ஆனால் ஸ்கோர் மாறும்போதெல்லாம் அவள் கண்ணும் அங்கே போய்வந்தது. கனடாவில் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2013இல் இதையே சொன்னது: லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவருக்கு மட்டுமல்ல, அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவருக்கும் மதிப்பெண் குறைந்தது. பல நாட்டு மாணவர்கள் எழுதும் பீசா (PISA) தேர்வு 2022இல் நடந்தபோதும், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (OECD) நாடுகளின் மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர், சில கணக்கு வகுப்புகளிலாவது டிஜிட்டல் கருவிகளால் தங்கள் கவனம் கலைகிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

வாசிப்பு பற்றியும் ஒரு சொல். அந்தப் பள்ளியில் துணைப்பாட நூலையும் டேபுக்கு மாற்றியிருந்தார்கள். தாளில் படிப்பதையும் திரையில் படிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 1,70,000 பேருக்கும் மேல். தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள், அதிலும் நேரக் கெடு இருக்கும்போதும், தகவல் சொல்லும் பாடங்களிலும். கதை படிப்பதில் அந்த வித்தியாசம் இல்லை. பள்ளிப் பாடத்தில் பெரும்பகுதி தகவல் சொல்வதுதான்.

முதல்வர் அறையில் காபி கொடுத்து உபசரித்தார்கள். அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே டேப் என்று சொன்னார் முதல்வர். “வெளிநாட்ல எல்லாம் இப்படித்தான் சார். பேரண்ட்ஸ் கேக்குறாங்க.”

ஸ்வீடனைப் பற்றி அவரிடம் சொன்னேன். பள்ளிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவதில் முன்னால் போன நாடுகளில் ஒன்று அது. மழலையர் பள்ளியிலும் டிஜிட்டல் கருவிகள் கட்டாயம் என்று வைத்திருந்தார்கள். 2023இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிடப்போவதாக அரசு அறிவித்தது. அச்சுப் புத்தகம் வாங்கப் பள்ளிகளுக்கு அந்த ஆண்டு மட்டும் 685 மில்லியன் குரோனர் ஒதுக்கியது. அங்குள்ள கரோலின்ஸ்கா மருத்துவக் கல்வி நிலைய ஆய்வாளர்கள் அச்சு நூலுக்கும் ஆசிரியரின் அறிவுக்கும் திரும்பச் சொல்லி வலுவாக எழுதினார்கள். யுனெஸ்கோவும் அதே ஆண்டு தன் உலகக் கல்வி அறிக்கையில், தொழில்நுட்பத்தின் பலனுக்கு நடுநிலையான சான்று குறைவு, கிடைக்கும் சான்றில் கணிசமான பகுதி அதை விற்கிறவர்களிடமிருந்தே வருகிறது என்று எச்சரித்தது. முதல்வர் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர், முன்பு கணக்கு ஆசிரியராக இருந்தவர். கால அட்டவணையைக் காட்டச் சொன்னேன். ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் கையெழுத்துப் பயிற்சிக்கு இருந்த பீரியடு இந்த வருடம் இல்லை. அந்த இடத்தில் ‘கோடிங்’ என்று இருந்தது. பென்சிலைச் சரியாகப் பிடிக்க வராத கைகளுக்கு அந்த ஒரு பீரியடுதான் இருந்தது. அதைத் திருப்பிப் போடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொண்டேன். நிர்வாகத்திடம் பேசுகிறேன் என்றார்.

வெளியே வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாய், இடுப்பில் குழந்தையோடு. மளிகைக் கடையில் பில் போடுகிற வேலையாம். அடுத்த வருடம் எல்.கே.ஜி. சேர்க்க இப்போதே விசாரிக்க வந்திருக்கிறார். நான் உள்ளேயிருந்து வருவதைப் பார்த்து, பள்ளிக்காரன் என்று நினைத்துக் கேட்டார்: “ஸ்மார்ட் கிளாஸ்லாம் இருக்குதுங்களாண்ணா?”

இருக்கிறதம்மா என்றேன். நான் பள்ளிக்காரன் இல்லை என்பதையும் சொல்லி, உங்கள் பிள்ளைக்காகக் கேட்கவேண்டியவை வேறு சில இருக்கின்றன என்று சொன்னேன். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஒரு டீச்சர் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார நேரம் இருக்குமா என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை தப்பாக எழுதி, டீச்சர் பக்கத்தில் எழுதிக் காட்டி, பிள்ளை மறுபடி எழுதிய அடையாளம் அதில் இருக்கிறதா பாருங்கள். வீட்டுப்பாடம் போனில் வருமா, புத்தகத்தில் வருமா என்று கேளுங்கள். வீட்டில் போன் எத்தனை என்றேன். ஒன்றுதான், அவர் கணவர் வண்டி ஓட்டப் போகும்போது எடுத்துப்போய்விடுவார், இரவு ஒன்பதுக்கு மேல்தான் வரும். அப்படியென்றால் போனில் வரும் பாடத்தை உங்கள் பிள்ளை தூக்கக் கலக்கத்தில்தான் பார்க்கும், அதையும் சொல்லிக் கேளுங்கள் என்றேன்.

“இதெல்லாம் கேட்டா சீட்டு குடுப்பாங்களாண்ணா?”

கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஃபீஸ் கட்டப்போவது நீங்கள்தான் என்றேன். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, நோட்டுப் பார்க்க யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்தார். ஆபீஸில் கொடுக்க மாட்டார்கள், நேரே முதல்வரையே பாருங்கள், அவர் கணக்கு வாத்தியார், புரிந்துகொள்வார் என்று சொல்லி அறைக்கு வழி காட்டினேன்.